எழுதி வாங்கிய தண்ணீர்

பில்லில் இருந்த தொகையைச் சின்னக்கருப்பன் முதலில் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை படித்தார். எட்டாயிரத்து அறுநூற்று நாற்பது ரூபாய் அங்கேயேதான் இருந்தது.

"ஏட்டி, இங்க வா. நாம என்ன குளத்துக்குள்ளயா குடியிருக்கோம்?"

அவர் மனைவி இருளம்மாள் அடுப்படியிலிருந்து வந்து எட்டிப் பார்த்தாள்.

"போன தடவை அறுநூத்தி இருவதுதான வந்துச்சு?"

"அதயே கூடுதல்னு எழுதிப் போட்டேன்."

"அதுக்குப் பதில் வந்துச்சா?"

"இதான் பதிலு போல."

ராஜபாளையத்தில் அவர்கள் தெருவுக்கு எட்டு நாளைக்கு ஒரு தடவை தண்ணீர் வரும். வந்தால் நாற்பது நிமிடம். அதற்குள் பிடித்ததுதான் பிடித்தது. நடையில் ஒன்பது நீல டிரம்கள் வரிசையாக நிற்கும். வீட்டுக்குள் போகிறவர்கள் உடம்பைத் திருப்பிப் பக்கவாட்டில்தான் போக வேண்டும். அரிசி களைந்த தண்ணீர் முருங்கைக்கு, துணி அலசிய தண்ணீர் கக்கூசுக்கு என்று, ஒரு சொட்டைக்கூட இருளம்மாள் இரண்டு வேலை வாங்காமல் விட்டதில்லை. அந்த வீட்டுக்குத்தான் ஆறு மாதத்துக்கு இந்தப் பில்.

சின்னக்கருப்பன் போலீசில் முப்பத்தொரு வருடம் இருந்தவர். அதில் இருபத்து நாலு வருடம் ஸ்டேஷன் ரைட்டர். ஒரு திருடனையும் அவர் ஓடிப் பிடித்ததில்லை. ஆனால் மற்றவர்கள் பிடித்துக்கொண்டு வந்தவர்களை எழுத்தில் கட்டிப் போட்டதில் அந்தச் சரகத்திலேயே அவருக்கு நிகர் கிடையாது. ஸ்பெஷல் எஸ்.ஐ.யாக ஓய்வு பெற்றார். தெருவில் யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை, இன்னும் ஏட்டையா என்றுதான் கூப்பிடுகிறார்கள். எதுவானாலும் எழுத்தில் இருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. தண்ணீர் கலக்க மாட்டேன் என்று பால்காரரிடம் எழுதி வாங்கியவர் அவர். குழாயில் தண்ணீர் வருகிற நாளெல்லாம், வந்த நேரம், நின்ற நேரம் குறிக்க ஒரு நோட்டுப் போட்டு வைத்திருந்தார். அந்த நோட்டு அவர் மகன் கல்யாணத்தை ஒரு தடவை கெடுத்தும் இருக்கிறது.

அந்த வீட்டில் கல்யாணம் கெட்டதெல்லாம் தண்ணீரால்தான். மகன் மாரிசெல்வத்துக்கு முப்பத்து நாலு வயது. சர்ஜிக்கல் பேண்டேஜ் கம்பெனியில் சூப்பர்வைசர். ஒரு கெட்ட பழக்கம் கிடையாது. மூன்று சம்பந்தம் வந்து மூன்றும் திரும்பிப் போயின. தேவதானத்திலிருந்து வந்த முதல் பெண்ணின் அம்மா நடையில் நின்று டிரம்களை விரலால் எண்ணினாள். எண்ணி முடித்ததும் பஜ்ஜியைத் தொடாமல் எழுந்து போனாள். இரண்டாவதாக வந்தவர்கள், "தண்ணி தினமும் வருமா?" என்று கேட்டார்கள். ஊரில் வேறு எந்தத் தகப்பனும் வரும் என்றுதான் சொல்லியிருப்பான். சின்னக்கருப்பன் உள்ளே போய் அந்த நோட்டைக் கொண்டுவந்து காட்டினார். மூன்றாவதாக வந்தவர்களில் ஒருவர் கக்கூசுக்குப் போய்விட்டுக் குழாயைத் திருகினார். அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

இப்போது வந்திருப்பது நாலாவது. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெண் யோகேஸ்வரி, அங்கே ஒரு லேபில் வேலை. அப்பா லிங்கேஸ்வரன் செண்பகத்தோப்பில் பாரஸ்ட் கார்டு. பெரியவர்கள் சம்மதத்தோடு இரண்டு பேரும் இரண்டு தடவை போனில் பேசினார்கள். அதற்குப் பிறகு மாரிசெல்வம் புதுச் சீப்பு ஒன்று வாங்கினான். இருந்த முடிக்கு அது அதிகம்தான். பெண் வீட்டார் அடுத்த மாதம் பதினாலாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, மாப்பிள்ளை வீடு பார்க்க வருவதாக இருந்தது.

"அப்பா, இதுவும் முடியலைன்னா இனிமே யாரு முன்னாடியும் என்னைய உக்கார வைக்காதிய," என்று அவன் சொல்லியிருந்தான். சத்தம் போடாமல்தான் சொன்னான். அன்றைக்கு இருளம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை. பெற்ற வயிறு, உட்கார்ந்து அழுதாள்.

இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்தவள் தரகர் தங்கபாய். ஒரு மாதத்துக்கு முன்னால் வந்து, "பொண்ணோட அப்பா கறாரான ஆளு, எஸ்.ஐ. சார்," என்றாள். காசு வேண்டுமென்றால் மட்டும் அவள் எஸ்.ஐ. சார் என்பாள். "அவருக்குத் தோதா ஒரு ஏற்பாடு செய்யணும். ஐந்நூறு குடுங்க."

"எதுக்கு?"

"கேக்காதிய. கேட்டா எழுதிருவிய."

"ரசீது?"

"தரகர்கிட்ட எந்த ஊருல ரசீது வாங்கியிருக்காக?"

கொடுத்தார். அவள் படி இறங்கியதும் நோட்டை எடுத்து, 'தங்கபாய், ரூ.500. எதற்கு என்று சொல்லவில்லை' என்று எழுதி வைத்தார்.

இப்போது பில் வந்ததும் இருளம்மாள் முதலில் போன் போட்டது தங்கபாய்க்குத்தான். தங்கபாய் தன் மகளின் பேறுகாலத்துக்காகத் திருப்பூர் போயிருந்தாள்.

"எட்டாயிரத்துச் சொச்சமா?" என்றாள் தங்கபாய். பின்னால் பச்சைப் பிள்ளை வீறிட்டுக்கொண்டிருந்தது. அவள் குரலில் கலக்கமே இல்லை. "இருக்கட்டும் இருளம்மா. பில்லப் பத்திரமா பீரோவுல வையி. பதினாலாம் தேதி வரைக்கும் ஏட்டையா ஒரு எடத்துலயும் வாயத் தொறக்க வேண்டாம்னு சொல்லு. பொறவு எல்லாஞ் சரியாப் போயிரும்."

இருளம்மாள் அதை அப்படியே வந்து சொன்னாள்.

"அவளுக்கு என்ன, அவ காசா?" என்றார் சின்னக்கருப்பன். "பீரோவுல வச்சா பில்லு குட்டி போடுமா? அநியாயத்தப் பாத்துட்டு முப்பது வருசம் நான் சும்மா உக்காந்திருந்தேனா?"

முப்பது வருடமும் உட்கார்ந்துதான் இருந்தார். இருளம்மாள் அதைச் சொல்லவில்லை.

மறுநாள் காலையில், மீட்டர் கணக்கெடுக்கிற பாண்டிதுரையைப் பக்கத்துத் தெருவில் மடக்கினார்.

"என் வீட்டு மீட்டர என்னைக்கு வந்து பாத்த?"

பாண்டிதுரை பில் போடுகிற மிஷினை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். "போன வாரம் வந்தேன்ல சார்."

"இம்புட்டு எப்படி வந்துச்சு?"

அவன் இவரை ஒரு மாதிரிப் பார்த்தான். பிறகு தெருவை இரண்டு பக்கமும் பார்த்தான். "சத்தமாப் பேசாதிய சார். ரெண்டு மாசம் பொறுங்க. நானே சரி பண்ணித் தாரேன்."

"சரி பண்ணித் தாறதுன்னா? எம்புட்டு எதிர்பாக்க?"

"உங்ககிட்ட ஒன்னும் வேண்டாம் சார்."

வேண்டாம் என்கிறவன்தான் கூடுதலாக எதிர்பார்க்கிறான் என்பது ரைட்டர் வேலை அவருக்குக் கற்றுக்கொடுத்த பாடம். அன்றைக்கே உட்கார்ந்து ஆறு பக்கத்துக்குப் புகார் எழுதினார். நகல் ஏழு இடத்துக்குப் போனது. ஒரு வாரத்தில் பாண்டிதுரைக்கு மெமோ கொடுத்து வேறு பக்கத்துக்கு மாற்றிவிட்டார்கள். பில் மாறவில்லை.

"மீட்டர் ஓடினதுக்குத்தான் சார் பில்லு," என்றாள், தண்ணீர் ஆபீசில் கணக்குப் பார்க்கிற பியூலா. "வீட்டுக்குள்ள எங்கயாவது கசியுதான்னு பாருங்க. கசிவு இல்லைன்னா பிளம்பர்கிட்ட அத எழுதி வாங்கிட்டு வாங்க."

எழுதி வாங்கிட்டு வாங்க என்றதும் சின்னக்கருப்பனுக்கு அந்தப் பெண்மேல் ஒரு மரியாதையே வந்துவிட்டது.

பிளம்பர் சோலைராஜ் நேர்மையானவன். கெட்ட காலம், அதுவும் சேர்ந்து வந்தது. "பாக்காம கையெழுத்துப் போட மாட்டேன் சார், தோண்டித்தான் ஆகணும்," என்றான். பெண் வீட்டார் வருவார்களே என்று போன மாதம்தான் வாசலுக்குச் சிமெண்ட் தளம் போட்டிருந்தார்கள். அதை கேட்டிலிருந்து படி வரைக்கும் பிளந்தான். சின்னக்கருப்பன் படியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தார்.

"கசிவு இருக்கா?"

"இதுவரைக்கும் இல்ல சார்."

மூன்று மணிக்குக் கடப்பாரை குழாயின்மேல் விழுந்தது. சோலைராஜ் குனிந்து பார்த்தான்.

"இப்ப இருக்கு சார்."

அன்றைக்கு என்று பார்த்து எட்டாவது நாள். நாலு மணிக்குத் தண்ணீர் வந்தது. உடைந்த இடத்தில் பொங்கி, வாசலை நிரப்பி, கேட்டைத் தாண்டித் தெருவில் ஓடியது. இவர்களுக்கு அடுத்து இருந்த ஆறு வீட்டுக் குழாயிலும் காற்றுத்தான் வந்தது. பக்கத்து வீட்டு முனீஸ்வரி இடுப்பில் காலிக் குடத்தோடு வந்து நின்றாள்.

"ஏட்டையா, எட்டு நாளு காத்துக் கெடந்த தண்ணி. ஊரே பாக்க ரோட்டுல விட்டுட்டியளே."

"அரசாங்க வேலை நடக்கு. செத்த நேரம் பொறு."

"பொறுத்தா தண்ணி திரும்பி வருமா?"

அவர் நோட்டை எடுத்து 'ஆரம்பம் 4.05, நின்றது 4.45, வீட்டுக்குள் வரவில்லை' என்று குறித்தார். சோலைராஜ், மாரிசெல்வம் கம்பெனியிலிருந்து கொண்டுவந்து வைத்திருந்த பேண்டேஜ் துணியைக் குழாயில் நாலு சுற்றுச் சுற்றி, மேலே பசையை அப்பினான். குழாய் கால் ஒடிந்தவன் மாதிரிக் கிடந்தது.

"கசிவு இல்லைன்னு எழுது."

"இப்ப இருக்கே சார்."

"நீ தோண்டறதுக்கு முன்னாடி இல்லைல்ல? அத எழுது."

'நான் தோண்டுவதற்கு முன்பு கசிவு எதுவும் இல்லை' என்று சோலைராஜ் எழுதிக் கையெழுத்துப் போட்டான். சின்னக்கருப்பன் தேதி போடச் சொன்னார்.

அதைக் கொண்டுபோய்க் கொடுத்ததும் பியூலா படித்துப் பார்த்துவிட்டு, "அப்ப மீட்டரத்தான் டெஸ்டுக்கு அனுப்பணும் சார்," என்றாள். மறுநாளே இரண்டு பேர் வந்து மீட்டரைக் கழற்றினார்கள். குழாய் வாயில் ஒரு மரக்கட்டையை அடித்து அடைத்தார்கள்.

"டெஸ்ட் முடியிற வரைக்கும் தண்ணி?"

"வராது சார். மீட்டர் இல்லாம தண்ணி விட்டா அது திருட்டு."

திருட்டு என்ற பிறகு போலீஸ்காரர் என்ன பேசுவார்? அடுத்த எட்டாம் நாள் தெரு முழுவதும் தண்ணீர் வந்தபோது இவர்கள் வீட்டில் மரக்கட்டை மட்டும் லேசாக ஈரமானது. இருளம்மாள் முனீஸ்வரி வீட்டு வாசலில் இரண்டு குடத்தோடு போய் நின்றாள். முப்பது வருடத்தில் அந்தத் தெருவில் அவள் யார் வாசலிலும் அப்படி நின்றதில்லை. முனீஸ்வரி ஒன்றரைக் குடம் கொடுத்தாள். மீதி அரைக் குடத்துக்குப் பதிலாக நாலு வார்த்தை கொடுத்தாள். வேனில் வருகிற தண்ணீரைக் குடம் பதினைந்து ரூபாய்க்கு வாங்கினார்கள்.

"எட்டு நாளைக்கு ஒருக்கா வந்தப்ப எட்டாயிரம்," என்றாள் இருளம்மாள். "வராம இருக்கதுக்கு இனி எம்புட்டு போடுவானுகளோ."

மாரிசெல்வம் வேலை முடிந்து வந்து வாசலில் பைக்கை நிறுத்த இடமில்லாமல் நின்றான். பள்ளத்தின் ஓரத்து மண்ணைக் காலால் தள்ளினான்.

"பதினாலாம் தேதிக்கு இன்னும் ஒன்பது நாள்தான்ப்பா இருக்கு."

"மூடிரலாம்லே."

"பில்ல நான் கெட்டிருதேன். நாளைக்கே கெட்டிருதேன். இதோட விட்டுருங்க."

"செய்யாத தப்புக்குப் பணங் கெட்டுனா நாளைக்கு உம் பொண்டாட்டி உன்னைய மதிப்பாளா?"

"மொதல்ல பொண்டாட்டி வரட்டும்ப்பா."

சின்னக்கருப்பனுக்கு அது சுருக்கென்று தைத்தது. மகனுக்காகத்தானே இவ்வளவும் என்று நினைத்தார். உண்மையிலேயே அப்படித்தான் நினைத்தார். நாளைக்கு வருகிற மருமகள் ஒரு சொத்தை வீட்டுக்கு வந்தோம் என்று நினைக்கக்கூடாது, ஆபீசர்களே பயப்படுகிற வீட்டுக்கு வந்திருக்கிறோம் என்று நினைக்க வேண்டும். அந்த நினைப்போடு மறுநாள் காலையில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறினார். தண்ணீர் ஆபீசுக்கு மேலான பெரிய ஆபீஸ் அங்கேதான் இருந்தது.

இந்தத் தடவை மனு பதினோரு பக்கம். இணைப்பாகத் தெருக்காரர்கள் முப்பத்திரண்டு பேர் கையெழுத்து. தெருவுக்குத் தண்ணீர் சரியாக வருவதில்லை என்பதற்கு எல்லாரும் சந்தோஷமாகவே கையெழுத்துப் போட்டார்கள். முனீஸ்வரி மட்டும், 'போன வாரம் ரோட்டில் வந்தது' என்று பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தாள்.

மனுவின் கனத்தைப் பார்த்தே அந்த ஆபீசில் மிரண்டிருக்க வேண்டும். பதினோராம் தேதி இன்ஜினியரே ஜீப்பில் வந்து இறங்கினார். முப்பது வயதுக்கு மேல் இருக்காது. சின்னக்கருப்பன் அவரைக் கையைப் பிடிக்காத குறையாகச் சுற்றிக் காட்டினார். மூடாமல் வைத்திருந்த பள்ளம், மரக்கட்டை அடைத்த குழாய், ஒன்பது டிரம்கள். டிரம்களுக்குப் பக்கத்தில் இருளம்மாளை நிறுத்தி இன்ஜினியர் போட்டோ எடுத்தார்.

"கொஞ்சம் சோகமா நில்லு," என்றார் சின்னக்கருப்பன்.

"புதுசா ஒன்னும் நிக்க வேண்டாம்," என்றாள் இருளம்மாள்.

கடைசியில் அந்தத் தண்ணீர் நோட்டை எடுத்து வைத்தார். நாலு வருடத்துத் தேதி, நேரம், நிமிடம். இன்ஜினியர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். "இந்த மாதிரி ரெக்கார்டு எங்க ஆபீஸ்லயே கிடையாது சார்," என்றார். சின்னக்கருப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. சர்வீசில் இருந்த காலத்தில் எந்த அதிகாரியும் அவரிடம் இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

பில் அங்கேயே ரத்தானது. அசலை இன்ஜினியர் வாங்கிக்கொண்டு, தொகை பூஜ்யம் என்று புதுப் பில் போடச் சொன்னார். உத்தரவில் 'ரத்து செய்யப்படுகிறது' என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போடப் போனார்.

"காரணம் எழுதணும் சார்," என்றார் சின்னக்கருப்பன். "பின்னால ஆடிட்ல கேப்பாக."

"என்ன எழுதலாம்?"

"நான் சொல்லுதேன்."

சொன்னார். இன்ஜினியர் எழுதினார். 'மேற்படி வீட்டுக்குக் கடந்த ஆறு மாத காலமாகக் குறிப்பிடத்தக்க நீர் வரத்து இல்லை என்று நேரில் பார்த்துச் சான்றளிக்கப்படுகிறது.' கீழே முத்திரை விழுந்தது. வட்ட முத்திரை ஒன்று, நீள முத்திரை ஒன்று.

அன்று சாயங்காலம் யாரையோ அனுப்பி ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து அரைக் கிலோ பால்கோவா வரவழைத்தார். தெருவில் ஏழெட்டு வீட்டுக்குக் கொடுத்தார். முனீஸ்வரிக்கும் கொடுத்தார்.

"செயிச்சிட்டேன் பாத்தியா. எட்டாயிரமும் பூஜ்யம்."

"மீட்டர் எப்ப மாட்டுவாக?" என்றாள் இருளம்மாள்.

"புது மீட்டர் ஸ்டாக் இல்லையாம். வந்ததும் மாட்டுவாக."

"அப்ப தண்ணியும் பூஜ்யம்."

பதினாலாம் தேதி விடிந்தது. பள்ளத்தில் மணலைக் கொட்டி மேலே கல்யாண வீட்டு வாடகைக் கம்பளத்தை விரித்தார்கள். ஒன்பது டிரம்களும் முனீஸ்வரி வீட்டு மொட்டை மாடிக்குப் போயின. அதற்கு வாடகையாக அவள் நாலு குடம் தண்ணீர் கேட்டாள். ஒரு லாரித் தண்ணீரை வரவழைத்து மாடித் தொட்டியை நிரப்பினார்கள். இவ்வளவுக்கும் ஆன செலவைச் சின்னக்கருப்பன் நோட்டில் எழுதவில்லை. எழுதினால் கூட்ட வேண்டியிருக்கும். மாரிசெல்வம் புதுச் சட்டை போட்டு, அந்தச் சீப்பால் இரண்டு தடவை தலை சீவி, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தான்.

பத்தரைக்குக் கார் வந்தது. லிங்கேஸ்வரன், அவர் மனைவி மகாலட்சுமி, அவர்களோடு தங்கபாய். திருப்பூரிலிருந்து வந்தவள் நேரே பெண் வீட்டுக்குப் போய் அவர்களோடு கார் ஏறியிருந்தாள். கம்பளத்தின்மேல் நடந்தபோது மூன்று பேருக்கும் கால் கொஞ்சம் அமுங்கியது.

"நல்ல மெத்துன்னு இருக்கே," என்றார் லிங்கேஸ்வரன்.

மகாலட்சுமி நேரே அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்தாள். தண்ணீர் கொட்டியது. குளியலறைக் குழாயைத் திறந்தாள். அங்கேயும் கொட்டியது. மூடவே மனமில்லாமல் பார்த்துக்கொண்டு நின்றாள். லாரித் தண்ணீர் கண்ணெதிரே சாக்கடைக்குப் போவதைப் பார்த்து இருளம்மாள் சிரித்த முகமாகவே நின்றாள். அது எவ்வளவு பெரிய காரியம் என்று அந்த வீட்டில் இருந்தவர்களுக்குத்தான் தெரியும்.

பஜ்ஜி வந்தது. எல்லாரும் சாப்பிட்டார்கள். லிங்கேஸ்வரன் நாலு சாப்பிட்டார். மாரிசெல்வத்திடம் வேலையைப் பற்றிக் கேட்டார். அவன் சொன்ன பதில் அவருக்குப் பிடித்திருந்தது முகத்திலேயே தெரிந்தது.

"பிள்ளை நல்ல பிள்ளையாத் தெரியுது," என்றார். "என் மகளும் சரின்னுட்டா. எனக்கு ஒன்னே ஒன்னு பாக்கணும் அண்ணாச்சி. தப்பா நெனைக்கக் கூடாது."

"சொல்லுங்க."

"என் மக செண்பகத்தோப்பு ஓடைத் தண்ணில வளந்தவ. தண்ணிக்குக் கஷ்டப்பட்டா எம் மனசு தாங்காது. இப்ப எல்லாரும் பொண்ணு வீட்டுக்காரக வாராகன்னா லாரித் தண்ணி வாங்கி ரொப்பிருதாக. இதுக்கு முன்னாடி பாத்த ரெண்டு வீட்டுலயும் அந்தக் கூத்துதான். அதனால நான் குழாயப் பாக்கறதில்ல. தண்ணி பில்லத்தான் பாப்பேன். ஆறு மாசப் பில்லு பொய் சொல்லாது."

தங்கபாய் முகம் மலர்ந்தது. "காட்டுங்க எஸ்.ஐ. சார். எம்புட்டு தண்ணி பொழங்குற வீடுன்னு அவுகளும் பாக்கட்டும்."

சின்னக்கருப்பன் தங்கபாயைப் பார்த்தார். இவளுக்கு நாம் என்ன கெடுதல் செய்தோம் என்று நினைத்தார். மாரிசெல்வம் அப்பாவையே பார்த்தான். அடுப்படி வாசலில் நின்ற இருளம்மாள் வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

"அந்தப் பில்லு... எங்கயோ வச்சேன். காணல," என்றார். அவர் வாழ்க்கையில் மேலதிகாரி சொல்லாமல் சொன்ன முதல் பொய் அது. நன்றாகத்தான் வந்திருந்தது.

லிங்கேஸ்வரன் சிரித்தார். "போலீஸ் ரைட்டர் வீட்டுல காகிதம் தொலையுமா அண்ணாச்சி? தொலைச்சிருந்தா நீங்க என்ன ரைட்டரு?"

விளையாட்டாகச் சொன்னதுதான். அதோடு விட்டிருந்தால், இரண்டு நாளில் தேடித் தருகிறேன் என்று சொல்லியிருக்கலாம். பொய்யர் என்று சொல்லியிருந்தால்கூடச் சின்னக்கருப்பன் தாங்கிக்கொண்டிருப்பார். காகிதத்தைத் தொலைத்தவர் என்பதைத் தாங்க முடியவில்லை. விருட்டென்று எழுந்தார். "ஏங்க," என்று இருளம்மாள் கூப்பிட்டது காதில் விழவில்லை. பீரோவைத் திறந்து பைலைக் கொண்டுவந்து லிங்கேஸ்வரன் மடியில் வைத்தார்.

"இந்தா இருக்கு. என் வீட்டுல ஒரு காகிதம் தொலைஞ்சது கிடையாது."

வைத்த பிறகுதான் என்ன செய்தோம் என்று அவருக்கு உறைத்தது.

லிங்கேஸ்வரன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து படித்தார். பூஜ்யம் என்ற பில்லைப் படித்தார். உத்தரவைப் படித்தார். 'குறிப்பிடத்தக்க நீர் வரத்து இல்லை' என்ற இடத்தில் நிறுத்தி, இரண்டு முத்திரையையும் தடவிப் பார்த்தார். பிளம்பர் கடிதம், முப்பத்திரண்டு கையெழுத்து, முனீஸ்வரியின் குறிப்பு, ஒன்றையும் விடவில்லை. கடைசியில் இன்ஜினியரிடம் கேட்டு வாங்கிய போட்டோ இருந்தது. மகாலட்சுமி அவர் தோளுக்கு மேலாகக் குனிந்து அந்த டிரம்களை விரலால் எண்ணினாள்.

"எழுத்து நல்லா இருக்கு அண்ணாச்சி," என்றார் லிங்கேஸ்வரன். பைலை மூடி இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார். "வீட்டுல கலந்து பேசிட்டுச் சொல்லுதோம்."

கலந்து பேசிவிட்டுச் சொல்கிறோம் என்றவர்கள் யாரும் அந்த வீட்டுக்கு இதுவரை எதுவும் சொன்னதில்லை. கார் போய்விட்டது. தங்கபாயை ஏறச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை.

மாரிசெல்வம் உள்ளே போனான். புதுச் சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, கம்பெனிச் சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தான்.

"எங்கலே போற? இன்னைக்கு ஞாயித்துக்கிழமை."

"ஓவர்டைம் இருக்குப்பா."

ஓவர்டைம் இல்லை என்று எல்லாருக்கும் தெரியும். பைக் சத்தம் தெருமுனை தாண்டியது. பிறகு இருளம்மாள் அடுப்படியில் தரையோடு உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். "எம் பிள்ளை பொழப்ப எழுதி எழுதியே கெடுத்துட்டியளே. ஒரு காகிதத்துக்கு எம் பிள்ளையக் குடுத்துட்டியளே," என்றாள். சின்னக்கருப்பன் அந்தப் பக்கம் போகவே பயந்தார். வெட்கமாக இருந்தது. வெட்கம் வந்தால் அவருக்குக் கோபம் வரும். கோபத்தை யார்மேல் காட்டுவது என்று பார்த்தார்.

தங்கபாய் படியில் உட்கார்ந்திருந்தாள். அந்த பைலை மடியில் வைத்து, பூஜ்யம் போட்ட பில்லை எடுத்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாம் உன்னாலதான்," என்றார் சின்னக்கருப்பன். "பில்லக் காட்டுங்க, பில்லக் காட்டுங்கன்னு நீ எதுக்குச் சொன்ன? நீ வாயத் தொறக்காம இருந்திருந்தா இம்புட்டு வந்திருக்காது."



அவர் உள்ளே போய் நோட்டைக் கொண்டுவந்தார். அந்தப் பக்கத்தைப் புரட்டி அவள் முகத்துக்கு நேராகப் பிடித்தார்.

"பாரு. தங்கபாய், ஐந்நூறு ரூபா, எதற்கு என்று சொல்லவில்லை. ஏதோ ஏற்பாடுன்னு வாங்கிட்டுப் போன. ஒரு மண்ணும் நடக்கல. ஒன்னு அந்த ஐந்நூறத் திருப்பிக் குடு. இல்ல, எதுக்குச் செலவழிச்சன்னு இப்பவாவது சொல்லு. நான் எழுதணும்."

பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். தங்கபாய் பில்லைப் பைலுக்குள் வைத்து மூடினாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"எழுதிக்கோங்க ஏட்டையா. அந்த ஐந்நூறப் பாண்டிதுரை கையில குடுத்துத்தான், பொண்ணு வீட்டுல காட்டுறதுக்கு ஒரு பெரிய தண்ணி பில்லாப் போடச் சொன்னேன்."